லாபம் என்று தொடங்கிய ஜனக்கணக்கு

கிராம வகுப்புகளுக்குப் புதிதாகப் பொறுப்பேற்கும் சகோதரிகளுக்கு,

விடைபெறும் கூட்டத்தில் நான் நாலு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எழுந்து நின்று பேசினால் நான் தொடங்கிய வாக்கியம் முடிவதில்லை, எழுதினால் முடிகிறது. ஆகையால் எழுதித் தருகிறேன். இலக்கியப் படிப்பைத் தொடரச் சென்னைக்குப் புறப்படுகிற என்னை "ஓய்வு பெறுகிறவர்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். நரை விழாத ஒருத்திக்கு அது பெரிய பட்டம். ஆனாலும் பெற்றுக்கொள்கிறேன். இந்த வேலையை விட்டுப் போகிறவள், வயது எதுவானாலும், கொஞ்சம் கிழவிதான்.

வேலையின் வாடிக்கையான பகுதிகளை நீங்களே விரைவில் கற்றுக்கொள்வீர்கள். எழுத்தட்டையை எந்த உயரத்தில் பிடிப்பது, அழுகிற கைப்பிள்ளையை யார் மடிக்கு மாற்றுவது என்பவற்றுக்கெல்லாம் நான் தேவையில்லை. நான் சொல்ல விரும்புவது, நீங்கள் தாண்டிப் போக நினைக்கப்போகிற சில அதிகாரங்களைப் பற்றி. வேதாகமத்தில், எண்ணாகமம் என்ற புத்தகத்தில், ஜனங்களை எண்ணுகிற அதிகாரங்கள் அவை.

எனக்கு முன் அந்த வகுப்புகளை நடத்தியவர் நல்ல அனுபவசாலி. நான் பொறுப்பேற்ற ஆண்டின் வாசிப்பு வரிசையில் எண்ணாகமம் வந்திருப்பதைப் பார்த்து என்மேல் இரக்கப்பட்டார். "முதல் அதிகாரத்தைத் தொடாதே. கோத்திரமும் தொகையுமாக இருக்கும், பெண்கள் தூங்கிவிடுவார்கள். நேரே பிலேயாமின் கழுதைக்குப் போ. கழுதை பேசும், வகுப்பு விழித்துக்கொள்ளும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கழுதை பேசும். மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தாண்டிப் போகவில்லை. பெரிய ஞானம் எதுவும் அதற்குக் காரணமில்லை. கல்லூரியில் செய்யுள் படிக்கிற பெண்ணுக்குப் பெயர்களை அடுக்கிச் சொல்வதில் ஓர் ஓசையின்பம் உண்டு. சேதேயூரின் குமாரன் எலிசூர், சூரிஷதாயின் குமாரன் செலூமியேல் என்று வாய்விட்டுப் படித்தபோது, பொருள் ஒன்றும் தெரியாமலே அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை மற்றவருக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

வகுப்பு நடந்த இடம் திருவாதவூருக்கு அப்பால், கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு சிறு குடியிருப்பு. சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒத்தக்கடை வந்து, யானைமலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நடக்கவேண்டும். அங்கே சபையை நடத்துகிற உபதேசியார் வீட்டில் தங்கி, ஞாயிறு ஆராதனை முடிந்து, திங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்குத் திரும்புவேன். வகுப்புக்கு வருகிறவர்கள் வயல்வேலை செய்கிற பெண்கள். அவர்களில் இருவரை மட்டும் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

ஒருத்தி மூக்கம்மாள். அவளுக்கு எழுத்து மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் அவள் வாய்க்கு முன்னால் எழுத்து எதற்கு என்று தோன்றும். மற்றவள் அன்னபாக்கியம். அவளே வகுப்பின் சிறந்த வாசகி. எழுத்தின்மேல் விரலை வைத்து, அது ஓடிவிடுமோ என்று அஞ்சுகிறவளைப்போல அழுத்திக்கொண்டு வாசிப்பாள். மடியில் எப்போதும் ஒரு கைக்குழந்தை இருக்கும். அதைப் "பாப்பா" என்றுதான் எல்லோரும் அழைத்தோம். பெயர் என்ன என்று நான் ஒருமுறை கேட்டபோது, "வைக்கணும்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள்.

மாசி மாதம், அறுவடை முடிந்து களம் நெருக்கடியாக இருந்த காலம். சீமைச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சந்தைக்குப் போய் வருகிறவர்கள் பட்டாளத்துக்கு ஆள் சேர்ப்பதைப் பற்றிப் பேசினார்கள். சர்க்கார் ஜனக்கணக்கு எடுக்கிற ஆண்டும் அதுவே. பக்கத்துப் பெரிய ஊரின் பள்ளிக்கூட வாத்தியார் சைக்கிளில் வந்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காவியால் ஓர் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தக் காவி காயும் முன்பாகவே நான் எண்ணாகமத்தைத் திறந்தேன்.

அன்னபாக்கியம் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன டீச்சரம்மா, வேதமா, கணக்கப்பிள்ளை சிட்டையா?" என்றாள் மூக்கம்மாள். "சூரிஷதாய்ங்குறாக. சூரிக்கத்தியோட திரியிற ஆளோ?"

"நீ சும்மா இருடீ. அவ கஷ்டப்பட்டு வாசிக்கிறா" என்றாள் ஒருத்தி.

"நானும் கஷ்டப்பட்டுத்தான் கேக்குறேன். இம்புட்டு ஆம்பளப் பேரு வாசிச்சாச்சு, ஒரு பொம்பளப் பேரக் காணோமே! அந்தச் சனத்துல ஆம்பளைகளே பிள்ளை பெத்துக்கிட்டாகளா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. பெண்களின் பெயரும் வரும். ஆனால் மிகவும் பின்னால், வேறொரு கணக்கில் வரும் என்றேன்.

"எம்புட்டுப் பின்னால?"

"கழுதைக்கும் பின்னால்."

சிரிப்பு அடங்கியபோது அன்னபாக்கியத்தின் விரல், வாசித்து முடித்த வரிகளுக்குத் திரும்பிப் போய் ஓரிடத்தில் நின்றிருந்தது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆன, யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்களை எண்ணும்படி மோசேக்குக் கட்டளை வருகிற இடம் அது. மறுபடியும் ஒருமுறை மனசுக்குள் வாசித்தாள். பிறகு புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "பிள்ளைக்குப் பசிக்குது, வாரேன்" என்று எழுந்து போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எண்ணாகமம் அவர்களைத் தூங்கவைக்கவில்லை என்ற திருப்தியோடு நான் புத்தகத்தை மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, சுவர்களில் ஓர் எண்கூட இல்லை. எல்லா வீட்டு முகப்பையும் புதிதாகச் சாணியிட்டு மெழுகியிருந்தார்கள். தெருவில் ஆண்கள் யாரும் இல்லை; இளைஞர்கள் எல்லோரும் கண்மாய்க்கரைக்குப் பின்னால் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. தெருவின் நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் நின்றிருந்தார்.

"வாங்க டீச்சர், உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். "நான் காவியில எழுதுறேன், இவுக சாணியில மெழுகுறாக. எம்புட்டு நாளைக்கு இப்படி மாறி மாறி விளையாடுறது? எதுக்கு மெழுகுனீகன்னு கேட்டா, கணக்கெடுத்தா பட்டாளந்தான், எங்க வேதத்துலயே போட்டிருக்குங்குறாக. உங்க வேதத்துல அப்படியா போட்டிருக்கு?"

"போட்டிருக்கிறது" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அந்தக் கணத்தில் அவருக்கும் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் எழுத்து சொல்வதை அப்படியே நம்பும்படி அந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். எழுத்தில் இருப்பதை இல்லை என்று அவர்கள் காதில் விழும்படி எப்படிச் சொல்வேன்? சகோதரிகளே, நீங்கள் கற்றுக்கொடுப்பது ஒருநாள் உண்மையாகவே பலிக்கும். அது பலிக்கிற நாளில் அநேகமாக உங்களுக்கு இடைஞ்சலாகத்தான் இருக்கும்.

நான் செய்தது ஒன்றே. வாத்தியார் யாரையெல்லாம் எழுதப்போகிறார் என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் பள்ளிக்கூடக் குரலில் சொன்னார்: "கிழவன், கிழவி, பொம்பளைக, பிள்ளைக, நேத்துப் பொறந்த கைப்பிள்ளை வரைக்கும் எல்லாரையும் எழுதணும். பட்டாளத்துக்குன்னா இவுகளையெல்லாம் நான் எதுக்கு எழுதுறேன்?"

 மூக்கம்மாளின் கதவுதான் முதலில் திறந்தது.

"கிழவியுமா? அப்ப எங்க மாமியார மொதல்ல எழுதுங்க வாத்தியாரே. சண்டைக்கு அது ஒண்ணு போதும், எதிரி கப்பலேறிருவான்."

அவளுடைய மாமியார் உள்ளிருந்து பதிலுக்கு ஏதோ சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. தெரு சிரித்தது. யாரோ கரைப்பக்கம் போய்க் குரல் கொடுக்க, "வாங்க மாப்ள, பட்டாளம் போயிருச்சு" என்று கேலி பேசியபடி ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வாத்தியார் காவியைக் கரைக்கத் தொடங்கினார். நான் வெற்றி பெற்றுவிட்டதாகவே நினைத்தேன்.

அப்போது ஒரே ஒரு கதவு மட்டும் சாத்தப்பட்டது. அது அன்னபாக்கியத்தின் கதவு.

அவள் கணவன் சின்னச்சாமி, களத்தில் நெல் அளப்பவர், வாசலில் வந்து நின்றார். கையில் இன்னும் சாணி காயவில்லை. "எங்க வீட்டுல ரெண்டே பேரு. நானும் அவளும். எழுதிக்கங்க" என்றார்.

உள்ளே குழந்தை அழுதது. தெரு முழுவதும் அதைக் கேட்டது.

"உள்ள அழுகுறது பூனையாண்ணே?" என்றார் வாத்தியார். சின்னச்சாமி நகர்ந்து கதவை மறைத்துக்கொண்டு நின்றார். வாத்தியாரும் கெட்டவர் அல்லர். ஆனால் வெயிலில் அலைந்து அலைந்து அவருக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. "சுவத்துல எழுதுனத அழிச்சது ஒரு குத்தம். இருக்குற ஆள இல்லேங்குறது ரெண்டாவது குத்தம். நாளைக்குக் காலையில தெருவ எழுத வாரேன். பிள்ளையையும் சேத்துச் சொல்லுங்க. இல்லேன்னா நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன். பெறகு மேலூர்க் கோர்ட்டுல போய் நில்லுங்க."

அவர் போனபின் நாங்கள் உள்ளே போனோம். அன்னபாக்கியம் குழந்தையை முந்தானைக்குள் மூடி வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. மற்றப் பெண்கள் பயந்தது ஆண்களை நினைத்து. அந்தப் பயத்தைப் போக்க நான் வாத்தியாரைச் சொல்லவைத்த வார்த்தையே, கைப்பிள்ளை வரைக்கும் என்ற வார்த்தையே, இவளுடைய பயம்.

"டீச்சரம்மா, எனக்கு முன்ன ரெண்டு பிள்ளைக" என்றாள். "ரெண்டு, ரெண்டுன்னு வாய் நெறையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கெணத்தடியில கேட்டாலும் ரெண்டு, சந்தையில கேட்டாலும் ரெண்டு. ஒரே காலரா வருசத்துல ரெண்டும் போச்சு. எண்ணுனேன், பறிபோச்சு. இதை நான் எண்ணவே இல்ல. பேருகூட வைக்கல. பேரு வச்சா ஒண்ணுன்னு ஆயிரும்ல?"

"பிள்ளைய எங்கிட்ட குடு. நாளைக்குக் காலையில கரையோரமாத் தூக்கிட்டுப் போயிர்றேன்" என்றாள் மூக்கம்மாள். சொல்லும்போதே, வாத்தியாருக்குக் காது இருக்கிறது என்பது அவளுக்கே நினைவுக்கு வந்தது.

ஆக, அன்னபாக்கியத்தின் முன்னால் இருந்தது இதுதான்: குழந்தையைச் சொன்னால் குழந்தை போய்விடும் என்ற பயம்; சொல்லாவிட்டால் புருஷன் கோர்ட்டில் நிற்பது உறுதி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல் புத்தகத்தில் பொருத்தமாக இருக்கும். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளின் அடுப்படியில் அதை வைக்க இடமில்லை. அதனால் வேதத்துக்குள்ளேயே தேடினேன். லேவி கோத்திரத்தில் ஒரு மாதக் குழந்தை முதற்கொண்டு எண்ணினார்கள், அது யுத்தத்துக்கு அன்று, தேவனுடைய கூடாரத்தின் பணிவிடைக்கு என்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பிள்ளைகளோட ஆத்தாமாருக எம்புட்டுப் பேரு அழுதாகன்னு அதுல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இந்த இடத்தை உங்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். ஒரு வசனம் பொருத்தமாக இருப்பதாலேயே அது பதில் ஆகிவிடாது. கேட்டவளுடைய கேள்வியை அந்த வசனம் எங்கேனும் தொட்டிருக்கவேண்டும். என் வசனம் அவள் கேள்விக்குப் பக்கத்துத் தெருவில் நின்றது.

எங்கே போவதென்று தெரியாமல் களத்துப் பக்கம் நடந்தேன். வைக்கோல் வாசனையும் தூசியும் கலந்த பிற்பகல். சின்னச்சாமி அங்கே அளவில் இருந்தார். என்ன கவலை இருந்தாலும் அன்றைய நெல்லை அன்றே அளந்தாக வேண்டும். குவியலின் முன் கிழக்கு நோக்கி உட்கார்ந்து, முதல் மரக்காலை நிரப்பி, தலை தட்டி, சாக்கில் சரித்தபடி ராகமாகச் சொன்னார்: "லாபம்..." அடுத்ததற்கு, "ரெண்டு..." அதற்கடுத்து, "மூணு..."

நம் பக்கத்தில் பிறந்த எவரும் இதை ஆயிரம் முறை கேட்டிருப்போம். நானும் கேட்டிருக்கிறேன். கேட்டதாலேயே அதைக் கவனித்ததில்லை. அன்று முதல்முறையாக நின்று கேட்டேன்.

"அண்ணே, ஏன் ஒண்ணு என்று சொல்வதில்லை?"

அவர் மரக்காலை நிறுத்தாமலே சொன்னார்: "ஒண்ணுன்னு ஆரம்பிச்சா நம்ம கணக்குல்ல ஆயிரும், டீச்சரம்மா. மொத மரக்கால் மேல இருந்து குடுத்தவருக்கு. அதச் சொல்லிட்டா, பெறகு எம்புட்டு வேணா அளக்கலாம், கொறையாது."

 யாத்திராகமத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆசரிப்புக் கூடாரத்துச் சாமான்களின் விவரத்துக்கும் அபிஷேக எண்ணெயின் கலவைக்கும் இடையில் அது ஒதுங்கிக் கிடப்பதால், நம்மில் யாரும் அதை வகுப்பில் வாசிப்பதில்லை. அந்தக் களத்தில் நின்றபடியே அதன் பொருள் எனக்குத் திறந்தது. ஓடினேன் என்று சொன்னால் என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஆனாலும் ஓடினேன்.

பெண்களைக் களத்துக்கே அழைத்து வந்தேன். அன்னபாக்கியமும் குழந்தையை மூடியபடி வந்தாள். நான் விளக்கவில்லை, புத்தகத்தைத் திறந்து அவளிடமே கொடுத்தேன். அவள் விரல் வைத்து வாசித்தாள். ஜனங்களை எண்ணும்போது அவர்களுக்குள்ளே வாதை வராதபடி, எண்ணப்படுகிற ஒவ்வொருவனும் தன் உயிருக்காகக் கர்த்தருக்குக் காணிக்கை கொடுக்கவேண்டும் என்று மோசேக்குச் சொல்லப்படுகிறது. ஐசுவரியவான் கூட்டிக் கொடுக்கக் கூடாது. தரித்திரன் குறைத்துக் கொடுக்கக் கூடாது. எல்லாத் தலைக்கும் ஒரே அளவு.

"வாதை வராதபடி" என்ற இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"இது நம்ம பயம்ல" என்றாள். "சாமிக்கே தெரிஞ்சிருக்கே!"

"அதானே" என்றாள் மூக்கம்மாள். "நம்மளப் பட்டிக்காட்டுச் சனம்னு உபதேசியார் சொன்னாரு. மோசேயும் பட்டிக்காட்டு ஆளுதான் போல."

பிறகு நான் தாவீது ராஜாவின் கதையைச் சொன்னேன். அவனும் ஜனங்களை எண்ணினான். எனக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் பார் என்று எண்ணினான். வேண்டாம் என்று அவனுடைய படைத்தலைவனே தடுத்தும் கேட்கவில்லை. எண்ணி முடித்தபின் அவன் மனமே அவனை வாதித்தது. தேசத்தில் கொள்ளைநோய் வந்தது.

"காலராவா?" என்று கேட்டாள் அன்னபாக்கியம். 

"கொள்ளைநோய் என்றுதான் இருக்கிறது. ஆனால் அது எந்த இடத்தில் நின்றது என்பதும் எழுதியிருக்கிறது. ஊரை அழிக்க நீண்ட தூதனுடைய கை, போதும் என்று கர்த்தர் சொன்ன சொல்லுக்கு நின்றது ஒரு களத்தில். அர்வனா என்ற குடியானவனுடைய போரடிக்கிற களம்."

 சின்னச்சாமி மரக்காலைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோருடைய கண்ணும் காலடியில் இருந்த தரைக்குப் போனது.

ஒரே செயல்தான்; மோசே எண்ணினான், தாவீதும் எண்ணினான். தாவீது ஒன்று என்று தொடங்கினான். மோசே லாபம் என்று தொடங்கினான். இவர்கள் என்னுடையவர்கள் என்று எண்ணினால் அது பறிப்பு. இவர்கள் உம்முடையவர்கள் என்று ஒப்புக்கொடுத்து எண்ணினால் அது காப்பு. இதை நான் இவ்வளவு ஒழுங்காக அன்று சொல்லவில்லை. பின்னால் மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் வாக்கியமாக அமைத்துக்கொண்டேன். களத்தில் நான் சொன்னது, "அண்ணே, இன்னொரு முறை முதல் மரக்காலைச் சொல்லுங்கள்" என்பது மட்டுமே. அவர் சொன்னார். பெண்கள் அதைப் புதிய செய்யுளைக் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

"அப்ப நான்" என்று அன்னபாக்கியம் மெதுவாகத் தொடங்கினாள், "ரெண்டு, ரெண்டுன்னு சொன்னதுனாலதான்..."

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுவே. இங்கே பதில் பிசகினால், அவள் பிள்ளைகளின் சாவை அவள் தலையிலேயே நான் கட்டிவிட்டவள் ஆவேன். "இல்லை" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு உரக்க நான் எதையும் சொன்னதில்லை. "அது ராஜாவின் கதை. சேனையை எண்ணிப் பெருமைப்பட்டவன் கதை. பிள்ளையைச் சொல்லிச் சந்தோஷப்பட்ட தாயை எந்தப் பக்கத்திலும் கர்த்தர் கோபித்ததில்லை. இந்தப் புத்தகம் முழுவதும் தேடிப் பார். நானும் உன்னோடு தேடுகிறேன்."

அவள் அழுதாள். மூக்கம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அழுகை ஓய்ந்தபின், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்னபாக்கியம் எதையோ யோசித்தவளாகக் கேட்டாள்: "டீச்சரம்மா, கிறிஸ்மஸுக்கு வாசிப்போமே, ரோமாபுரி ராயன் குடிமதிப்பு எழுதச் சொன்னான்னு. மரியா நெறமாசமா எதுக்குப் பெத்லகேமுக்குப் போச்சு? பேரு எழுதத்தானே?"

"ஆமாம்."

"அப்ப அந்தப் பிள்ளையும் கணக்கெடுப்புலதான் பொறந்திருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து என் வேதாகமத்தை இரவலாகக் கேட்டாள், கொடுத்தேன். என்ன தீர்மானித்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நாம் திறந்து காட்டலாம், நடக்கவேண்டியது அவர்கள். அந்த எல்லையை நான் அன்று காத்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

காலையில் வாத்தியார் வந்தார். தெரு முழுவதும் வாசலில் நின்றது. சின்னச்சாமியின் வீட்டுச் சுவரில், அழித்த எண் இருந்த இடத்தில், மறுபடி எழுத வாகாக, யாரோ புதிதாகச் சுண்ணாம்பு தீற்றியிருந்தார்கள். கதவு திறந்தது. அன்னபாக்கியம் வெளியே வந்தாள். குழந்தையின்மேல் முந்தானை இல்லை. சீவிய தலையோடு, நெற்றியில் முடி விழாமல், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அது எல்லோரையும் பார்த்தது.

"வாத்தியாரண்ணே, எழுதுறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

"என்ன சொல்லணும்?"

"லாபம்னு சொல்லுங்க."

"அப்படியெல்லாம் எழுத இதுல எடமில்லம்மா."

"எழுத வேணாம். வாயால சொல்லுங்க, போதும். மொதத் தலை குடுத்தவருக்கு."

வாத்தியார் எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தார். அவரும் குடியானவர் வீட்டுப் பிள்ளைதான். அவருடைய அப்பாவும் ஏதோ ஒரு களத்தில் மரக்கால் பிடித்தவராக இருக்கவேண்டும். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். தோள்துண்டைச் சரி செய்துகொண்டார். பிறகு, ஆச்சரியமாக, அதே களத்து ராகத்தில், "லாபம்..." என்று நீட்டிச் சொன்னார்.

தெருவில் யாரோ கைதட்டினார்கள்.

"இப்ப எழுதுங்க. எங்க வீட்டுல மூணு பேரு" என்றாள் அன்னபாக்கியம். மூன்று என்ற அந்தச் சொல்லை அவள் வாய் நிறையச் சொன்னாள்.

"பிள்ளை பேரு?"

"மில்காள்."

வாத்தியார் பென்சிலை நிறுத்தினார். "இதென்ன பேரு? மதுரை மில்லுல வேலைக்குச் சேக்கப் போறீகளா?"

"எங்க வேதத்துல இருக்கு" என்றாள் அவள். என் பக்கம் திரும்பினாள். "கழுதைக்கும் பின்னாலன்னு சொன்னீகள்ல டீச்சரம்மா? நேத்து ராத்திரி முழுக்க உக்காந்து வாசிச்சுப்புட்டேன். ரெண்டாவது கணக்குல இருக்கு. ஒரு மனுசனுக்கு ஆம்பளப் பிள்ளையே இல்ல, அஞ்சும் பொண்ணு. அஞ்சு பேரையும் பேரு சொல்லி எழுதியிருக்கு. பெறகு அவுக எந்திரிச்சுப்போய் எங்க அப்பன் பங்கக் குடுங்கன்னு கேட்டு வாங்குறாக. அதுல ஒருத்தி பேரு இது."

அவள் சொல்வது சரி. செலொப்பியாத்தின் குமாரத்திகள் அவர்கள். நான் அந்த அதிகாரத்தை வகுப்புக்கு இன்னும் கொண்டு வரவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாரும் பக்கத்தில் உட்காராமல், எழுத்தின்மேல் விரல் வைத்து அத்தனை அதிகாரங்களையும் அவள் தனியாகக் கடந்து போயிருக்கிறாள். வழியில் கழுதை பேசியிருக்கும், அவள் நின்றிருக்கமாட்டாள்.

வாத்தியார் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். அடுத்த வீட்டுக்குப் போனார். மூக்கம்மாள் வழி மறித்து, "எங்க வீட்டுக்கும் லாபம் சொல்லிட்டுத்தான் எழுதணும். எங்க மாமியாருக்குத் தனியா ஒரு தடவை" என்றாள். அப்படியே அவர் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே போனார். தெருக்கோடி வரைக்கும் அந்தச் சொல் கேட்டுக்கொண்டே இருந்தது. சர்க்கார் தாளில் அது எங்கும் பதிவாகியிராது. ஆனால் அந்தக் குடியிருப்பு அன்று முழுவதுமாக எண்ணப்பட்டது. ஒரு தலையும் விடுபடவில்லை, ஒரு தலையும் ஒளிக்கப்படவில்லை. ஒருவரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

எண்ணாகமத்தின் அந்த அதிகாரங்களை நான் இப்போது ஓசைக்காக வாசிப்பதில்லை. வனாந்தரத்தில் திரிந்த கூட்டத்தைக் கூட்டம் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு தலையையும் பெயர் சொல்லிக் கேட்ட ஒருவர் இருக்கிறார் என்பதற்காக வாசிக்கிறேன். உங்கள் வகுப்பிலும் யாராவது கேட்பார்கள், இது வேதமா, சிட்டையா என்று. தாண்டிப் போகாதீர்கள். அந்த அடுக்கிய பெயர்களுக்கிடையில் அவர்களுடைய பயம் ஒன்று ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். எங்கே என்று தெரியாவிட்டால், வாய் திறப்பதற்கு முன் களத்துக்குப் போய் நின்று கேளுங்கள்.

கடைசியாக, அந்த வகுப்பை ஏற்கப்போகிறவருக்கு ஒரு குறிப்பு. வருகைப் பெயர்களை வாசிக்கத் தொடங்கும்போது முதல் பெயருக்கு முன்னால் சற்று நிறுத்துங்கள். முன்வரிசையில், தன் தாயின் மடியில் உட்காருவதை இப்போது கௌரவக் குறைவாக நினைக்கிற ஒரு சிறுமி இருப்பாள். நீங்கள் நிறுத்துகிற அந்த இடைவெளியில், அவள் எழுந்து நின்று, கூரை அதிரும்படி "லாபம்!" என்று கத்துவாள். அவள் பெயர் மில்காள். அவளை உட்காரச் சொல்லாதீர்கள். அவள் சொல்லி முடித்தபின் எண்ணத் தொடங்குங்கள்.